வானத்தில் புரியாத வெளிச்சமா? பெயர் வைப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் பாங்காங் ஏரிக்கு அருகே காவலில் இருந்த இந்திய ராணுவத்தினர் வானத்தில் இரண்டு வெளிச்சங்களை விடாமல் கண்காணித்தார்கள். சீனாவின் உளவு ட்ரோன்களாக இருக்கும் என்று சந்தேகம். மொத்தம் 329 முறை பார்த்ததாகப் பதிவு. அவற்றில் 155 முறை எல்லைக் கோட்டைத் தாண்டி வந்ததாகவும் கணக்கு வைத்திருந்தார்கள். கடைசியில் விஷயம் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் போனது. அந்த வெளிச்சங்கள் சரியாக எத்தனை மணிக்குத் தோன்றுகின்றன, நட்சத்திரங்களை ஒட்டி எப்படி நகர்கின்றன என்று வீரர்கள் குறிக்கத் தொடங்கியதும் குட்டு உடைந்தது. ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி.

இந்தச் செய்தியைப் படித்தவர்களில் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் மட்டத்துக்கு மேல் நாலாயிரம் மீட்டரைத் தாண்டிய உயரம், மெல்லிய காற்று, கும்மிருட்டு. அங்கே வெள்ளி எப்படிப் பளிச்சிடும் என்பது தெருவிளக்குக்குக் கீழே வளர்ந்த நமக்குத் தெரியாது. ஆறு மாதம் கண் செய்ய முடியாததைக் கடிகாரமும் குறிப்பும் செய்தன என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. கீழே சொல்லப்போகும் முறையும் அதேதான். தொலைநோக்கி தேவையில்லை. ஒரு நோட்டு, பேனா, செல்பேசி போதும்.

படி 1: முதலில் மணி பாருங்கள்

வெளிச்சம் கண்ணில் பட்டதும் செல்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத்தான் கை போகும். வேண்டாம். மணி என்ன என்று பார்த்து நிமிடம் வரை எழுதுங்கள். மறைந்த நேரத்தையும் எழுதுங்கள். "ராத்திரி ஒரு எட்டு, எட்டரை இருக்கும்" என்ற குறிப்பை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நானே இதில் வழுக்கி விழுந்திருக்கிறேன். 2025 ஜனவரியில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பெரிய வெளிச்சம் ஒன்று நிற்கிறது என்றார். அந்த மாதம் மாலை வானில் வெள்ளி ஜொலித்துக்கொண்டிருந்ததால், "வெள்ளிதான், போய்த் தூங்குங்கள்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் பார்த்தது இரவு பத்து மணிக்கு, கிட்டத்தட்ட உச்சியில். வெள்ளி சூரியனிலிருந்து 47 டிகிரிக்கு மேல் விலகாது. சூரியன் மறைந்த பின் மூன்று மணி நேரம், அல்லது உதிப்பதற்கு முன் மூன்று மணி நேரம், அவ்வளவுதான் அதன் ராஜ்யம். நடுநிசி உச்சியில் அதற்கு வேலையே இல்லை. அவர் பார்த்தது வியாழன். நேரத்தைக் கேட்காமல் விடை சொன்ன வெட்கம் இன்னும் இருக்கிறது.

படி 2: கையால் அளவெடுங்கள்

திசையைச் செல்பேசியின் திசைகாட்டி காட்டும். இரும்புக் கதவு, தண்ணீர்த் தொட்டியின் கம்பிகள் இவற்றிலிருந்து தள்ளி நில்லுங்கள், இல்லாவிட்டால் முள் பொய் சொல்லும்.

உயரத்துக்குக் கை போதும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. சுண்டுவிரல் அகலம் 1 டிகிரி. அடிவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டி வைத்து எண்ணுங்கள். குழந்தைகளுக்கு முஷ்டி சிறிது, ஆனால் கையும் குட்டைதான், அதனால் கணக்கு பெரிதாகப் பிசகாது. முழு நிலவின் அகலம் அரை டிகிரிதான் என்றால் யாரும் நம்புவதில்லை. சுண்டுவிரலை நீட்டி மறைத்துப் பாருங்கள், முழுதாக ஒளிந்துகொள்ளும்.

"தென்னைமர உயரத்தில் பறந்தது", "கார் அளவு இருந்தது" என்றெல்லாம் எழுதாதீர்கள். இருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியின் தூரத்தைக் கண்ணால் சொல்ல முடியாது. தூரம் தெரியாமல் அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. தலைக்கு மேலே 10 கிலோமீட்டர் உயரத்தில் போகும் விமானமும், 400 கிலோமீட்டர் உயரத்தில் போகும் சர்வதேச விண்வெளி நிலையமும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நகரும்.

படி 3: நகர்கிறதா? சுவரைக் கேளுங்கள்

இந்தப் படிதான் உயிர்நாடி.

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பெரியப்பா மொட்டை மாடியிலிருந்து குரல் கொடுத்தார். மேற்கே வெள்ளை வெளிச்சம் ஒன்று. "நன்றாகப் பார், இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ட்ரோன்தான், பக்கத்து மண்டபத்தில் கல்யாணம் நடக்கிறதே" என்றார். நானும் உற்றுப் பார்த்தேன். உண்மையாகவே ஆடியது. இருட்டில் தனித்து நிற்கும் புள்ளியை உற்றுப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இல்லாததால் நம் கண்ணின் சிறு அசைவுகளைப் புள்ளியின் அசைவாக மூளை எடுத்துக்கொள்கிறது.

பெரியப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். தலையைப் பின்சுவரில் ஒட்டிவைக்கச் சொன்னேன். எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவின் கம்பி நுனியில் வெளிச்சம் சரியாக உட்காரும்படி நாற்காலியைத் தள்ளினோம். ஆட்டம் உடனே நின்றுவிட்டது. "நின்றுவிட்டதே!" என்று அவருக்கு ஏமாற்றம். பிறகு காபி வந்தது, குடித்தோம். இருபது நிமிடம் கழித்து மறுபடி தலையைச் சுவரில் வைத்துப் பார்த்தால், வெளிச்சம் கம்பிக்குக் கீழே அரை முஷ்டி இறங்கியிருந்தது.

வானம் முழுவதும் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அதாவது நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. இருபது நிமிடத்தில் 5 டிகிரி, அரை முஷ்டி. உங்கள் வெளிச்சம் இந்தக் கணக்கில் மேற்கு நோக்கிச் சரிந்தால் அது கோள் அல்லது நட்சத்திரம். கல்யாண மண்டபத்துக்குச் சம்பந்தமில்லை.

மேகம் ஓடும் இரவில் இன்னொரு ஏமாற்று உண்டு. மேகத்தை விட்டுவிட்டு நட்சத்திரம் ஓடுவதாகத் தோன்றும். அதற்கும் இதே கம்பிதான் மருந்து. வண்டியில் போகும்போது "கூடவே வருகிறது" என்றால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். நிலவும் அப்படித்தான் கூடவே வரும்.

படி 4: எவ்வளவு நேரம் தெரிந்தது?

மணிக்கணக்கில் தெரிந்தால் கோள் அல்லது பிரகாசமான நட்சத்திரம். அடிவானத்துக்கு அருகே சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறி மாறிப் படபடத்தால் அநேகமாக சிரியஸ். பனிக்காலத்தில் தெற்கே தாழ்வாகத் தெரியும் அகத்திய நட்சத்திரமும் இதே வேடிக்கையைக் காட்டும். தடித்த காற்றுப் படலத்தைத் தாண்டி ஒளி வருவதால் வரும் விளைவு அது.

சில நிமிடங்கள், சத்தமில்லை, சிமிட்டல் இல்லை, ஒரே சீராக ஓட்டம் என்றால் செயற்கைக்கோள். பாதி வானத்தில் அப்படியே மங்கி மறைந்தால் பதற வேண்டாம், பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. முத்துமாலை கோத்ததுபோல் வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க் என்ற இணையச் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்களை ஏவியபோது பல நாடுகளில் மக்கள் திகைத்துப் போனார்கள்.

சிவப்பும் பச்சையும் சேர்ந்து, சிமிட்டலும் இருந்தால் விமானம். ஆனால் நேராக உங்களை நோக்கி வரும் விமானத்தின் முன்விளக்கு பல நிமிடம் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும், பிறகு விமானம் திரும்பியதும் சட்டென்று அணைந்துவிடும். விமான நிலையத்துக்கு அருகே வசிப்பவர்கள் இதை முதலில் சந்தேகியுங்கள்.

ஓரிரு விநாடி என்றால் எரிநட்சத்திரம். அரை நிமிடத்துக்கும் மேலாக, மெதுவாக, துண்டு துண்டாகச் சிதறிக்கொண்டு போனால் விண்வெளிக் குப்பை. 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் வானில் இப்படி ஒன்று போனது. சீன ராக்கெட் ஒன்றின் மிச்சம். சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பெரிய உலோக வளையம் கிடைத்தது.

அந்தி வேளையில் புகைபோல விரியும் ஒளி வேறு ரகம். தரையில் இருட்டிவிட்டாலும் மேலே ஏறிய ராக்கெட்டின் புகையில் வெயில் படும். 2022 டிசம்பர் 15 மாலை ஒடிசாவில் அக்னி-5 ஏவுகணையைச் சோதித்தபோது வங்காளத்திலிருந்து வடகிழக்கு வரை அண்ணாந்து பார்த்தார்கள். சென்னைக்காரர்கள் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதல் நாட்களைப் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

படி 5: இப்போது படம் எடுங்கள்

ஜூம் போடாதீர்கள். ஜூம் செய்து ஃபோகஸ் தவறினால் எந்த நட்சத்திரமும் தட்டாக, வைரமாக, துடிக்கும் பந்தாக மாறும். இணையத்தில் சுற்றும் "பறக்கும் தட்டு" வீடியோக்களில் பாதி இந்தச் சாதிதான் என்பது என் கட்சி. செல்பேசியைச் சுவரில் சாய்த்து, வீட்டுக்கூரையோ மரமோ ஓரத்தில் தெரியும்படி, சாதாரணமாக எடுங்கள். படத்தில் தெருவிளக்கும் இருந்தால், அதற்கு நேர் எதிரே, படத்தின் மையத்தைத் தாண்டி அதே தூரத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். அது லென்ஸின் பிரதிபலிப்பு, வானத்தில் இல்லை.

படி 6: இன்னொரு ஊரில் ஒரு ஆள்

வெளிச்சம் இருக்கும் திசைக்குப் பக்கவாட்டில், ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நண்பரை அழையுங்கள். இருவரும் ஒரே நொடியில், பக்கத்து நட்சத்திரம் ஒன்றிலிருந்து வெளிச்சம் எத்தனை விரல் தள்ளியிருக்கிறது என்று அளக்க வேண்டும். இருவர் அளவுக்கும் உள்ள வித்தியாசம் 20 டிகிரி என்றால், 5-ஐ 57-ஆல் பெருக்கி 20-ஆல் வகுங்கள். சுமார் 14 கிலோமீட்டர் தூரம், அநேகமாக விமானம். விண்வெளி நிலையம் என்றால் வித்தியாசம் ஒரு டிகிரிகூட வராது. கோளுக்கு வரவே வராது. நண்பருக்கு எதுவுமே தெரியவில்லை என்றால் பொருள் உங்கள் பேட்டையைத் தாண்டவில்லை: ட்ரோன், நெருப்பேற்றிப் பறக்கவிடும் காகித வான்விளக்கு, லேசர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள், வான்விளக்கு அந்தப் பக்கமே போகும்.

படி 7: பொருத்திப் பாருங்கள்

ஸ்டெல்லேரியம் என்ற வானவரைபடச் செயலியில் உங்கள் ஊர், நாள், மணி மூன்றையும் போட்டால் அந்த நிமிடத்து வானம் அப்படியே வரும். செயற்கைக்கோளுக்கு ஹெவன்ஸ் அபவ், விமானத்துக்கு ஃப்ளைட்ரேடார்24 என்ற இணையதளங்கள். எல்லா விமானமும் ஃப்ளைட்ரேடாரில் வந்துவிடாது, ராணுவ விமானங்கள் பெரும்பாலும் வராது. குறிப்பு சரியாக இருந்தால் இந்தப் படிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அன்று இரவு பெரியப்பா தம் கையாலேயே நோட்டில் எழுதியது இது:

"9-2-2025, ஞாயிறு. இரவு 7.15. நேர் மேற்கு. உயரம் மூன்று முஷ்டி. வெள்ளை, சிமிட்டல் இல்லை. 7.35-க்கு இரண்டரை முஷ்டி. சத்தம் இல்லை. சுமார் 9.15-க்கு மறைந்தது. வெள்ளி. மண்டபத்தில் ட்ரோனும் இருந்தது, அது வேறு."