குளிரும் கெடுக்கும்: மலைப்பகுதி மருத்துவமனைகள் தடுப்பூசிப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்பூசி மருந்தை வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உதகை, குன்னூர், கோத்தகிரி போன்ற ஊர்களில் உள்ள சிறு மருத்துவமனைகளிலும் துணை சுகாதார நிலையங்களிலும், "இங்கே எப்போதும் குளிர்தானே, மருந்து எங்கே கெடப்போகிறது" என்ற தைரியம் நிலவுகிறது. மலையில் ஏற்படும் இழப்புகளில் கவனிக்கப்படாமல் போவது பெரும்பாலும் இந்தத் தைரியத்தால் வருவதுதான். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும் என்ற விதியில் மேல் எல்லைக்கு இருக்கும் முக்கியத்துவம் கீழ் எல்லைக்கும் உண்டு. ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட், முத்தடுப்பு ஊசி, ரணஜன்னி ஊசி, ஹெபடைட்டிஸ் பி, நியூமோகாக்கல் ஆகியவற்றில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. இவை ஒருமுறை உறைந்துவிட்டால் அந்த உப்பு திரிந்து கட்டிகட்டியாகிவிடும். பிறகு உருகினாலும் மருந்துக்குப் பழைய வீரியம் திரும்பாது.

இதில் பலரை ஏமாற்றுவது குப்பியின் லேபிளில் உள்ள வெப்பக் குறியீடு. வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது, வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் தூக்கிப் போட வேண்டும் என்பது சரியே. ஆனால் அந்தச் சதுரம் வெப்பத்தை மட்டுமே கணக்கு வைக்கிறது. இரவு முழுவதும் உறைந்து கிடந்த குப்பியிலும் அது வெள்ளையாகவே சிரித்துக்கொண்டிருக்கும். உறைந்ததோ என்ற சந்தேகம் எழுந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அதே தயாரிப்புத் தொகுதியை (batch) சேர்ந்த இன்னொரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, உருகிய பிறகு இரண்டையும் சேர்த்துக் குலுக்கி மேசைமேல் வைக்க வேண்டும். சந்தேகக் குப்பியிலும் உறைந்த குப்பியைப் போலவே வண்டல் வேகமாக அடியில் தங்கினால் அது குழந்தைக்கு ஆகாது. அலுமினியம் கலக்காத போலியோ ஊசி மருந்துக்கு இந்தச் சோதனை செல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மருந்து உறையும் இடங்களில் முக்கியமானது எடுத்துச் செல்லும் பெட்டி. ஆழ்குளிர்ப் பெட்டியில் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே கிடந்த ஐஸ்பேக்குகளை எடுத்த கையோடு தடுப்பூசிப் பெட்டியில் அடுக்கிவிட்டால், பக்கத்தில் சாய்ந்திருக்கும் குப்பி கோத்தகிரி பேருந்து நிலையத்தைத் தாண்டுவதற்குள் உறைந்துவிடலாம். ஐஸ்பேக்கை வெளியே வைத்து, மேலே வியர்த்த பிறகு, காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகே அடுக்கலாம். மேட்டுப்பாளையத்தின் வெக்கையில் இது சீக்கிரம் நடந்துவிடும். அறை வெப்பம் 20 டிகிரியாக இருந்தாலே ஒரு மணி நேரம் வரை ஆகலாம் என்னும்போது, பனி விழும் ஜனவரிக் காலையில் உதகையில் அதற்கும் மேலாகும். சமவெளியில் பயிற்சி பெற்ற செவிலியர் கடிகாரத்தைப் பார்த்து அரை மணியில் அடுக்கிவிடுவதுதான் இங்கே தவறு. நேரத்தை நம்பாமல் சத்தத்தை நம்ப வேண்டும். புதன்கிழமை முகாமுக்குப் போகும் பெட்டிக்கு வேண்டிய ஐஸ்பேக்குகளை அன்று காலை முதல் வேலையாக வெளியே எடுத்துவிட்டால் கடைசி நேர அவசரம் இருக்காது. முகாமில் மேசைமேல் வைக்கும்போதும் பெண்டாவேலன்ட், ரணஜன்னி குப்பிகளை ஐஸ்பேக்கின் குழியில் சொருகி வைக்கக் கூடாது.

தனியார் மருத்துவமனைகளில் வீட்டு உபயோகக் குளிர்பெட்டியே தடுப்பூசிக்கும் பயன்படுகிறது. அதன் கதவுத் தட்டு, உறைபெட்டியை ஒட்டிய மேல்பகுதி, பின்சுவர் ஆகிய மூன்று இடங்களிலும் குப்பி இருக்கக் கூடாது. கோடையில் கூட்டி வைத்த தெர்மோஸ்டாட்டை மார்கழியிலும் அப்படியே விட்டுவிடுவதால் உள்வெப்பம் 2 டிகிரிக்குக் கீழே போய்விடும். பருவம் மாறும்போதெல்லாம் வெப்பமானியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பதிவேட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு வாரம் முழுக்க, காலை மாலை இருவேளையும், ஒரே பேனாவில் "4, 4, 4" என்று நிரம்பியிருந்தால் அங்கே யாரும் வெப்பமானியைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். ஞாயிற்றுக்கிழமைக்கும் பொங்கல் விடுமுறைக்கும் சேர்த்தே அந்தப் பதிவு வேண்டும். மண்சரிவிலோ காற்றிலோ மின்சாரம் போகும் நாட்களில், மருந்து கெட்டுவிட்டதா என்று அடிக்கடி திறந்து பார்ப்பதே மருந்தைக் கெடுக்கும்; மூடியே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு.

மருந்து கலக்கும் இடத்தில் நேரும் தவறு உயிரையே வாங்கும். காசநோய்க்கான பி.சி.ஜி., தட்டம்மை–ரூபெல்லா ஆகிய தூள் மருந்துகளை அவற்றுடன் வந்த கரைப்பானில் மட்டுமே கலக்க வேண்டும், அந்தக் கரைப்பானும் முதல்நாளே குளிரூட்டப்பட்டிருக்க வேண்டும். 2014-இல் சிரியாவின் இட்லிப் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசிக்கான கரைப்பானுக்குப் பதில் தசையைச் செயலிழக்கச் செய்யும் மயக்க மருந்து கலக்கப்பட்டதால் 15 குழந்தைகள் இறந்தன. தடுப்பூசி இருக்கும் குளிர்பெட்டியில் இன்சுலின், ஆக்சிடோசின் போன்ற வேறு குப்பிகளையும் வைப்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கலக்கிய குப்பியில் நேரத்தை எழுதாமல் விடுவதும், நான்கு மணி நேரம் கடந்தபின் "இரண்டு டோஸ்தானே மிச்சம்" என்று இரக்கப்படுவதும் கூடாது. அந்தக் குப்பியில் கிருமி வளர்ந்திருக்கலாம். மாறாக, பெண்டாவேலன்ட், ரணஜன்னி, சொட்டு மருந்து போன்றவற்றைத் திறந்த தேதி எழுதி முறையான குளிரில் வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். இரண்டு வகைகளையும் குழப்பிக்கொண்டு நல்ல மருந்தை வீணாக்குவோரும் இருக்கிறார்கள்.

குழந்தைக்குச் சளி, லேசான காய்ச்சல் என்று ஊசியைத் தள்ளிப்போடுவது மலையில் மிகவும் அதிகம். மழைக்காலத்தில் குழந்தைகளுக்குச் சளி இல்லாத வாரம் எது? லேசான உடல்நலக் குறைவு தடுப்பூசிக்குத் தடையில்லை. கொழுந்து பறிக்கும் தாய் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். "அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் அவர் வருவது அரிது. தவணை தவறிய குழந்தைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்வதும் தவறு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். தோட்ட வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருக்கும் குடும்பங்களின் பெயர் கிராமப் பட்டியலில் இருக்காது. அவர்கள் கையில் உள்ள வேற்றுமாநில அட்டையைப் படித்துப் பார்த்து, இங்கேயும் பதிவு செய்து, அடுத்த தேதியை எண்ணில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் குன்னூரிலேயே இருந்தும், நாயும் குரங்கும் கடித்து வருவோரிடம் செய்யப்படும் தவறுகள் குறையவில்லை. காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லாமல் நேரே ஊசிக்குப் போவதும், பிட்டத்தில் போடுவதும் முக்கியமான இரண்டு. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி வேண்டும். "மூன்று ஊசி போட்டாயிற்று, கடித்த நாயும் உயிரோடுதான் இருக்கிறது" என்று நோயாளி சொல்வதைக் கேட்டு விட்டுவிடாமல், நான்கு தேதிகளையும் முதல் நாளிலேயே சீட்டில் எழுதி, அவருடைய கைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வைக்காதது எல்லா ஊரிலும் உள்ள தவறு. மலையில் அதற்குக் காரணம் பேருந்து. ஹட்டிக்கு (படுகர் கிராமத்துக்கு) போகும் வண்டியை விட்டால் அடுத்தது மாலையில்தான் என்றால் எந்தத் தாயும் உட்கார மாட்டார். அவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. அந்த வழித்தடத்துக் குழந்தைகளுக்கு முதலில் டோக்கன் கொடுத்து, வண்டி வருவதற்கு முக்கால் மணி முன்பாகவே ஊசியை முடித்துவிட்டு, கடும் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் அட்ரினலின் உள்ள அவசரப் பெட்டியைக் கைக்கு எட்டும் இடத்தில் திறந்து வைத்திருக்க வேண்டும். எந்த ஊசி போட்டோம், எதற்காக, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வருவது, அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்து வருவது ஆகியவற்றைக் காத்திருக்கும் அந்த அரை மணியில் உட்கார்ந்து சொல்லலாம்.