வெளிநாட்டு மலிவு கட்டர் வாங்கும்போது வீட்டுப் பட்டறைக்காரர்கள் செய்யும் தவறுகள்

வாலாஜா, ராணிப்பேட்டை, காட்பாடி பக்கம் வீட்டுப் பின்கட்டில் சின்ன லேத்தோ மில்லிங் மெஷினோ போட்டு வைத்திருப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். சிப்காட்டிலும் பெல்லிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிட்டர்கள், மாடல் செய்யும் ஆர்வக்காரர்கள், மேசை மேல் வைக்கும் சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி வெட்டும் மெஷின்) வாங்கிய கல்லூரிப் பிள்ளைகள். மெஷின் வந்த பிறகுதான் அடுத்த செலவு தெரியும். கட்டர்களின் (வெட்டும் கருவிகளின்) விலையைக் கூட்டிப் பார்த்தால் மெஷின் விலையை எட்டிப் பிடிக்கும். அப்போது செல்போனில் சீனக் கட்டர் படம் ஒன்று வந்து நிற்கும், விலை பாதிக்கும் கீழே.

"அதெல்லாம் குப்பை" என்பார் ஒருவர். "நான் வருஷக்கணக்கா அதைத்தான் ஓட்டுறேன்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மைதான். மலிவுக் கட்டரில் நல்லதும் வருகிறது, மட்டமும் வருகிறது. ஆனால் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி மட்டமான கட்டரால் போவதில்லை. நம் மெஷினுக்கு ஒத்துவராத நல்ல கட்டரை வாங்குவதால் போகிறது.

இதில் முதல் ஆள் கார்பைடு. கார்பைடு (டங்ஸ்டன் கலந்த மிகக் கடினமான பொருள்) என்றால் உசத்தி, ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல் என்ற எஃகு) என்றால் பழசு என்று ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. வெட்டு வேகத்தை மீட்டரில் எடுத்து, 318-ஆல் பெருக்கி, கட்டரின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வேண்டும் என்பது வரும். எம்எஸ் (சாதாரண மென்) இரும்பில் ஹெச்எஸ்எஸ் கட்டருக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வையுங்கள். 10 மி.மீ. எண்ட் மில்லுக்கு (பக்கத்திலும் அடியிலும் வெட்டும் மில்லிங் கட்டர்) சுமார் 800 சுற்று போதும். கார்பைடுக்கு 100 மீட்டர் என்று குறைத்து வைத்தாலே அதே 10 மி.மீ.க்கு 3,180 சுற்று, 6 மி.மீ.க்கு 5,300 சுற்று. வீட்டில் வைக்கும் சின்ன மில்லிங் மெஷின்கள் பெரும்பாலும் 2,500 சுற்றோடு நின்றுவிடும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் அதுவும் வராது.

சுற்று குறைந்தால் கார்பைடு வெட்டாது என்றில்லை, வெட்டும். ஆனால் அதற்குக் கொடுத்த காசுக்கான வேலை நடக்காது. அதோடு கார்பைடு கடினமானது, ஆனால் நொறுங்கும் குணம் உள்ளது. ஸ்லைடில் கொஞ்சம் ஆட்டம், ஜாப் (வெட்டப்படும் துண்டு) பிடித்த வைஸில் கொஞ்சம் தளர்ச்சி, கையால் சுற்றும்போது ஒரு திடீர் இழுப்பு, இவை போதும், முனை சில்லு சில்லாகப் போய்விடும். ஹெச்எஸ்எஸ் அதே அடியைத் தாங்கிக்கொள்ளும், மழுங்கினால் சாணை பிடிக்கலாம். லேசான மெஷின் வைத்திருப்பவர்கள் இரும்பு வேலைக்கு ஹெச்எஸ்எஸ்ஸில் தொடங்குவதே சரி என்பது என் கட்சி. கடினப்படுத்திய ஷாஃப்ட், வார்ப்பிரும்பின் மேல்தோல் மாதிரி ஹெச்எஸ்எஸ் தோற்கும் இடங்களுக்கு ஒன்றிரண்டு கார்பைடு போதும். மேசை சிஎன்சி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் கணக்கு தலைகீழ். அதன் மோட்டார் வேகமாகச் சுற்றும், வலு குறைவு. அதற்கு 3 மி.மீ. அளவுள்ள சின்ன கார்பைடு கட்டர்தான் பொருத்தம்.

பல்லின் எண்ணிக்கையும் பூச்சும் இதோடு சேர்ந்தவை. அலுமினியத்துக்கு இரண்டு அல்லது மூன்று பல், பூச்சு இல்லாமல் பளபளவென்று இருப்பது நல்லது. கறுப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் வரும் பூச்சில் அலுமினியமே இருக்கிறது. அது இரும்புக்கானது. அதை வைத்து அலுமினியம் வெட்டினால் சுருள் பல்லிடுக்கில் ஒட்டி அடைத்து, கட்டரே முறிந்துபோகும். நாலு பல் கட்டர்களில் சிலவற்றுக்கு அடிமுகத்தின் நடுவில் ஒரு குழி இருக்கும். அதை நேராகக் கீழே இறக்கி வெட்ட முடியாது, பக்கவாட்டில்தான் ஓட்ட வேண்டும். விற்பவர் போடும் படத்தில் அடிமுகம் தெரிவதே இல்லை. கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, எழுதியிருப்பதைத் தப்பாகப் படிப்பது. சீனக் கார்பைடு எண்ட் மில்களில் ஹெச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) 45, 55, 65 என்று போட்டிருக்கும். கட்டரின் கடினம் அதுதான் என்று நினைத்து 65-ஐ வாங்குகிறவர்கள் நிறைய. அது வெட்டப்படும் இரும்பின் கடினத்தைக் குறிக்கிறது. இந்த அளவு வரை கடினமான இரும்பை வெட்டலாம் என்பது விற்பவர் சொல்லும் கணக்கு. எம்எஸ் வெட்டுகிறவருக்கு 65 தேவையே இல்லை, 45 போதும், விலையும் குறைவு.

ஹெச்எஸ்எஸ்ஸிலும் எண் விளையாட்டு உண்டு. சீனத் தரக்குறியீட்டில் 6542 என்பது நாம் எம்2 என்று சொல்லும் வழக்கமான ஹெச்எஸ்எஸ். 4341, 4241 என்று போட்டிருந்தால் டங்ஸ்டனும் மாலிப்டினமும் குறைந்த மலிவு ரகம். மரத்துக்கும் மெல்லிய தகட்டுக்கும் ஓடும், இரும்பில் சீக்கிரம் மழுங்கும். எம்35 என்றால் 5 சதவீதம் கோபால்ட் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று வீட்டில் கண்டுபிடிக்க வழி இல்லை, அதனால் அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. எண்ணே போடாமல் தங்க நிறத்தில் மின்னும் ட்ரில் செட்டை விட்டுவிடலாம். அந்தத் தங்கப் பூச்சு சில மைக்ரான் கனம்தான், அடியில் இருக்கும் எஃகின் தரத்தை அது மாற்றாது.

ஆனால் ஹெச்எஸ்எஸ்ஸா, வெறும் கார்பன் ஸ்டீலா என்பதைக் கிரைண்டரில் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். கார்பன் ஸ்டீல் பொறி மஞ்சள் வெள்ளையாக வெடித்துக் கிளை விடும். ஹெச்எஸ்எஸ் பொறி மங்கலான செம்மஞ்சளில், வெடிப்பு அதிகமில்லாமல் ஓடும். பெரிய ட்ரில்களில் பிடிப்பகுதியை வேறு எஃகில் செய்து வெல்டு வைத்திருப்பார்கள், அதனால் பல் இருக்கும் பக்கத்திலேயே ஓரமாகத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி போடாமல் இதைச் செய்ய வேண்டாம்.

பிடிப்பகுதி என்றதும் இன்னொன்று. பொருள் நன்றாக இருந்து, வீட்டுக்கும் வந்து சேர்ந்து, மெஷினில் மாட்ட முடியாமல் டப்பாவில் தூங்கும் கட்டர்கள் எத்தனையோ. காரணம் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. ரவுட்டர் கட்டர்கள் பலவும் 3.175 மி.மீ. ஷாங்க்கில் வருகின்றன, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 3 மி.மீ. காலட்டில் (கட்டரைக் கவ்விப் பிடிக்கும் பிடி) அது நுழையாது. 6 மி.மீ.யும் கால் அங்குலமும் (6.35) படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். இஆர் ரகக் காலட்டுகளில் இஆர்16-உம் அதைவிடப் பெரியவையும் தங்கள் அளவிலிருந்து ஏறக்குறைய 1 மி.மீ. வரை சுருங்கும், அதனால் அவற்றில் 7 மி.மீ. காலட்டில் 6.35-ஐப் பிடித்துவிடலாம். ஆனால் ரொம்பச் சுருக்கினால் பிடிப்பும் குறையும், மையமும் விலகும். அடிக்கடி பயன்படுத்துவதாக இருந்தால் அந்த அளவுக்கே ஒரு காலட் வாங்குங்கள்.

மெஷின் ஸ்பிண்டிலின் டேப்பர் (கூம்புத் துளையின் ரகம்) எம்டி2-வா, எம்டி3-யா, ஆர்8-ஆ என்பதை வாங்கும் முன் பார்ப்பார்கள். பின்னால் இழுத்துப் பிடிக்கும் போல்ட்டின் மரையைப் பார்க்க மாட்டார்கள். ஆர்8 என்றால் பெரும்பாலும் 7/16 அங்குலம், எம்டி3 என்றால் பெரும்பாலும் எம்12. பழைய மெஷின்களில் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) மரையும் கிடக்கும். போல்ட்டைக் கழற்றி அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கியர் கட்டர் வாங்குவதென்றால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். பல் அளவு மாட்யூலா (மெட்ரிக் முறை), டிபி-யா (அங்குல முறை), அழுத்தக் கோணம் 20 டிகிரியா, 14.5-ஆ என்று முதலில் முடிவு செய்யுங்கள். பழைய இங்கிலீஷ் லேத்களின் மாற்றுப் பல்சக்கரங்கள் பலவும் டிபி, 14.5 டிகிரி. சீனாவிலிருந்து மலிவாக வரும் செட் மாட்யூல், 20 டிகிரி. இரண்டும் சேர்ந்து ஓடாது. எட்டுக் கட்டர் செட்டின் எண்களிலும் சிக்கல் உண்டு. டிபி முறையில் 12, 13 பல்லுக்கு எட்டாம் எண், மாட்யூல் முறையில் அதே பல்லுக்கு முதலாம் எண். அதனால் எண்ணை விட்டுவிட்டு, கட்டர் மேல் பொறித்திருக்கும் பல் வரம்பைப் படியுங்கள்.

இன்சர்ட் (கழற்றி மாற்றும் சின்ன கார்பைடு வெட்டுமுனை) கதைக்கு வருவோம். கடைசல் வேலைக்கு இன்சர்ட் மாட்டும் ஹோல்டர் செட் மலிவாகக் கிடைப்பதால் எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான். சிசிஎம்டி 060204 என்று இருந்தால் இரண்டாவது சி அடியில் 7 டிகிரி இடைவெளி உண்டு என்று சொல்கிறது, கடைசி 04 நுனியின் வளைவு 0.4 மி.மீ. என்கிறது. சிஎன்எம்ஜி, டபிள்யூஎன்எம்ஜி என்று இரண்டாவது எழுத்து என்-ஆக இருந்தால் அடியில் இடைவெளி கிடையாது. கட்டரைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பெரிய வலுவோடு அழுத்தி வெட்ட வேண்டிய ரகம் அது. சிப்காட் பட்டறையின் பெரிய லேத்தில் அது பிரமாதமாக ஓடும். அங்கே பார்த்துவிட்டு வந்து வீட்டு லேத்துக்கு வாங்கினால் கட்டர் அதிரும், பரப்பு கரடுமுரடாக வரும். நுனி வளைவு 0.8 எடுப்பதும் இதே வகைத் தப்புதான். வெட்டின் ஆழம் நுனி வளைவைவிடக் குறைந்தால் இன்சர்ட் வெட்டுவதைவிட ஜாப்பைத் தள்ளுவதுதான் அதிகம். சின்ன லேத்துக்கு 0.4, முடிந்தால் 0.2. அலுமினியத்துக்கென்று விற்கும் சிசிஜிடி ரகம் கூர்மையாக இருக்கும். அதை இரும்பில் கடைசி மெல்லிய வெட்டுக்கு ஓட்டிப் பாருங்கள், சின்ன லேத்தில் அவ்வளவு பளபளப்பு வேறெதிலும் கிடைக்காது.

மரை வெட்டும் இன்சர்ட்டில் கோணம் பார்க்க வேண்டும். போல்ட் நட்டுக்கு 60 டிகிரி. போர்வெல் மோட்டாரின் பைப் சாக்கெட், ஜிஐ பைப் வேலையெல்லாம் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை), அதற்கு 55 டிகிரி. செட்டோடு இலவசமாக வருவது பெரும்பாலும் 60.

ஜப்பான், கொரியா, ஸ்வீடன் கம்பெனிப் பெயர் அச்சிட்ட பத்து இன்சர்ட் டப்பா, அசல் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தால் அது அசல் இல்லை. அதனால் உடனே வீசிவிட வேண்டியதும் இல்லை, சில போலிகள் சுமாராக ஓடத்தான் செய்கின்றன. அசலுக்கு எழுதிய வேகத்தையும் ஊட்டத்தையும் (ஃபீட்) நம்பி அதில் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். பெயரே தெரியாத கம்பெனி தன் சொந்தப் பெயரில் விற்பது இதைவிட நாணயமான சரக்கு.

பணக் கணக்குக்கு வருவோம். 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிறகு நேராக வாங்கும் வழி சுருங்கிவிட்டது. வேறு தளங்களில் வாங்கலாம், ஆனால் சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டிய தொகைக்குப் போடுவார்கள். அதற்கு மேல் ஜிஎஸ்டி. கூரியர் கம்பெனி ஆதார், பான் கேட்கும், தன் கட்டணத்தையும் தனியாக வாங்கும். விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், ஆர்டருக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். "அன்பளிப்புன்னு எழுதி அனுப்பச் சொல்லு, வரி வராது" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்தச் சலுகை ராக்கியும் உயிர் காக்கும் மருந்தும் தவிர மற்றதற்கெல்லாம் 2019 டிசம்பரிலேயே போய்விட்டது.

எல்லாம் கூட்டினால், ஒற்றைக் கட்டரை நேராகத் தருவிப்பது பல நேரம் இங்கே வாங்குவதைவிட அதிகமாகிறது. அதே சரக்கை மொத்தமாக இறக்கி ஆன்லைனில் விற்கும் நம் ஊர் வியாபாரியிடம் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கினால் திருப்பிக் கொடுக்கவாவது வழி இருக்கும். சென்னையில் தயாராகும் அடிசன் ட்ரில்லும் டேப்பும் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) வேலூர் ஹார்டுவேர் கடைகளில் கேட்டாலே கிடைக்கும்போது, டேப்பை மட்டும் கடல் கடந்து வரவழைக்க ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. எண்ட் மில் முறிந்தால் கட்டரோடு போகும். டேப் ஜாப்புக்குள் முறிந்தால் அதுவரை செய்த வேலையும் சேர்ந்து போகும். ரீமரும் (துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) அப்படித்தான், 10 மி.மீ. என்று போட்டு 10.04 துளை போட்டால் அதை வைத்து என்ன செய்வது? வெளியிலிருந்து வாங்க லாயக்கானவை என்று நான் சொல்வது கியர் கட்டர், ஹோல்டர்கள், புறாவால் (டவ்டெயில்) வடிவக் கட்டர், டி-ஸ்லாட் கட்டர் போன்றவை. இங்கே விலை அதிகம், வீட்டில் எப்போதாவதுதான் தேவைப்படும்.

எதை வாங்கினாலும் முதலில் ஒன்று வாங்கி ஓட்டிப் பாருங்கள். இருபது பீஸ் செட்டில் நாம் தொடுவது நாலைந்து அளவுதான்.

பார்சல் வந்ததும் நேராக மெஷினில் மாட்ட வேண்டாம். லென்ஸ் வைத்துப் பல்லின் மூலைகளைப் பாருங்கள், சில்லு போயிருந்தால் அன்றே படம் எடுத்து அனுப்புங்கள். மைக்ரோமீட்டரில் ஷாங்க்கை அளங்கள். நல்ல 10 மி.மீ. ஷாங்க் 10-ஐத் தாண்டாது, குறைந்தாலும் 9 மைக்ரானுக்குள் இருக்கும். மாட்டியபின் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றுங்கள். முள் அதிகமாக ஆடினால் கட்டரைத் திட்டும் முன் காலட்டைத் துடைத்து, வேறு காலட்டில் போட்டுப் பாருங்கள். மலிவுக் காலட்டின் ஆட்டத்துக்குப் பலியாகும் சின்னக் கட்டர்கள் அதிகம். ஷாஃப்ட்டில் சாவி வழி (கீவே) வெட்டப் போகிறீர்கள் என்றால், துண்டு இரும்பில் ஒரு சால் ஓட்டி அதன் அகலத்தை அளந்தபின்தான் ஜாப்பில் கை வைக்க வேண்டும். இன்சர்ட் ஹோல்டரோடு வரும் குட்டி ஸ்க்ரூவும் சாவியும் மட்டமானவை, தலை சீக்கிரம் தேய்ந்துவிடும். கூடவே பத்து ஸ்க்ரூ வாங்கி வைக்கலாம். ஐப்பசி மழையில் எண்ணெய் தடவாத ஹெச்எஸ்எஸ் கட்டர் டப்பாவுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

முறிந்த கார்பைடையும் மழுங்கிய இன்சர்ட்டையும் இரும்போடு சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன் பொருள்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு கொண்டுவந்தது, கார்பைடு விலை ஏறியிருக்கிறது. தனியாக ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால், கார்பைடு ஸ்க்ராப் எடுப்பவர்கள் இரும்பைவிடப் பல மடங்கு விலைக்கு எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள்.