கடலை எண்ணெயில் கண்ணாடியைக் காணாமல் போக வைப்பது எப்படி?

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் சாய்வாக நுழையும்போது திசை மாறுவதுதான் ஒளிவிலகல். அதைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் எதுவும் வேண்டாம், சமையலறைச் சாமான்களே போதும்.

முதலில் எளிதானது. தட்டையான எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு ரூபாயை வைத்துவிட்டு, விளிம்பு அதை மறைக்கும் வரை பின்னால் நகருங்கள். தலையை அசைக்காமல், இன்னொருவரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நாணயம் மேலெழுந்து கண்ணுக்குத் தெரியும். அது நகரவில்லை, தண்ணீரை விட்டு வெளியே வரும் ஒளிதான் திசை மாறுகிறது. இதனால்தான் நேர் மேலிருந்து பார்த்தால் நாலடித் தண்ணீர் மூன்றடியாகத் தெரிகிறது, கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. மேட்டூர்ப் பக்கம் காவிரியில் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம் லேசர். சேலத்துப் பகல் வெளிச்சத்தில் கற்றை தெரியாது, அதனால் இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். சின்னக் கண்ணாடித் தொட்டியில் பாதி தண்ணீர், அதில் ஒரே ஒரு சொட்டுப் பால். தண்ணீருக்கு மேலே ஊதுபத்திப் புகை. இப்போது மேலிருந்து சாய்வாக லேசரை அடித்தால், புகையில் ஒரு கோடும் தண்ணீரில் வேறு சாய்வில் இன்னொரு கோடும் தெளிவாகத் தெரியும். யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பளபளக்கும் பாத்திரங்களையும் அப்புறப்படுத்திவிடுங்கள்.

பாகைமானியை வைத்து அளந்து பாருங்கள். செங்குத்துக்கோட்டிலிருந்து 45 பாகையில் நுழையும் கற்றை தண்ணீருக்குள் சுமார் 32 பாகையில் போகும். காரணம் வேகம். காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளி, தண்ணீரில் 2.25 லட்சம்தான் போகிறது. சாய்ந்து வரும் கற்றையின் ஒரு பக்கம் முதலில் தண்ணீரைத் தொட்டு மெதுவாகிவிட, மறுபக்கம் இன்னும் காற்றிலேயே வேகமாக வந்துகொண்டிருக்கிறது, அதனால் கற்றை திரும்புகிறது. நேர் கீழாக அடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக மெதுவாகும், திரும்பாது. கைப்பேசிக் கணிப்பானில் சைன் 45-ஐ சைன் 32-ஆல் வகுத்தால் 1.33 வரும். அதுதான் தண்ணீரின் ஒளிவிலகல் எண்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பொரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடியாலான சோதனைக்குழாய் ஒன்றைக் கடலை எண்ணெய் உள்ள டம்ளரில் முழுதாக இறக்குங்கள், குழாய்க்குள்ளும் எண்ணெய் நிரம்ப வேண்டும், காற்று நின்றால் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும். செக்கு எண்ணெய் கலங்கலாக இருந்தால் தெளியவிட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் 1.47-ஐ ஒட்டியே இருப்பதால், எல்லையில் ஒளி வளையவும் இல்லை, பட்டுத் திரும்பவும் இல்லை, குழாய் கண்ணுக்கே தெரியாது. சாதாரண டம்ளர் கண்ணாடிக்கு அது 1.52, அதனால் ஓரம் லேசாகத் தெரியும்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெயை எடுத்தால் வெள்ளையாக உறைந்திருக்கும். உறைந்த துகள்களுக்கும் அவற்றின் இடையே உறையாமல் நிற்கும் எண்ணெய்க்கும் ஒளிவிலகல் எண் வேறு, ஒவ்வொரு துகளின் ஓரத்திலும் ஒளி திசை மாறிச் சிதறுவதால்தான் அந்த வெள்ளை. பாட்டிலை வெந்நீரில் வைத்தால் தெளிந்துவிடும். அதிலும் குழாயை இறக்கிப் பாருங்கள், கடலை எண்ணெயில் மறைந்த அளவுக்கு மறையாது.