பக்கவாட்டில் பார்க்கும் ஃபிஷ் ஃபைண்டர்: திரைக்கு முன் பின்பலகையைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஸ்கி போட் (மீன்பிடிக்கும் சிறு எஞ்சின் படகு) வைத்திருக்கும் நம் ஆட்கள் கடைக்குள் நுழைந்ததும் நேராகத் திரைகள் மாட்டிய சுவருக்குப் போவார்கள். ஏழு அங்குலமா, ஒன்பது அங்குலமா, வெயிலில் தெரியுமா என்று அரை மணி நேரம் பேச்சு நடக்கும். வீட்டு வாசலில் டிரெய்லரில் நிற்கும் படகின் பின்பலகை, அதாவது எஞ்சின் மாட்டும் பலகை, எப்படி இருக்கிறது என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன். முதல் ஆண்டு முழுவதும் திரையின் இருபுறமும் கறுப்புச் சுவர்தான் தெரிந்தது.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எதிரொலியால் ஆழம் காட்டும் பழைய எக்கோ சவுண்டர் ஒலியைக் கூம்பு வடிவில் படகுக்கு நேர் கீழே அனுப்பும். இந்தக் கருவியின் சைடு இமேஜிங் என்பது இடமும் வலமும் விரித்த இரண்டு விசிறிகள் போன்றது. பக்கவாட்டில் அகலம் உண்டு. முன்பின்னாகப் பார்த்தால் தாள் போல ஒடுக்கம். படகு நகர நகர, அந்தத் தாள்களைக் கீற்றுக் கீற்றாக அடுக்கித்தான் திரை படம் வரைகிறது. சிறு படகுக்காரர்களிடம் இதை 2005இல் கொண்டுவந்தது ஹம்மின்பேர்ட் நிறுவனம். சைடு இமேஜிங் என்பதே அவர்கள் வைத்த பெயர். கார்மின் அதைச் சைடுவியூ என்கிறது, லோரன்ஸ் சைடுஸ்கேன் என்கிறது. பெயர் எதுவானாலும் இரண்டு நிபந்தனைகள் மாறாது: படகு நேராக நகர வேண்டும், ஒலி வெளியேறும் இருபக்கமும் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருபவை.

ஆழத்தை மறந்து வாங்குவது

நீங்கள் ஸ்லிங்கர் மீன் பிடிக்க 50, 60 மீட்டர் ஆழத்துப் பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டுக்கு) போகிறவரா? அப்படியானால் இந்தக் கருவிக்குச் செலவழிக்குமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆழம் 50 மீட்டர், பக்கவாட்டு எல்லை 60 மீட்டர் என்று வைத்தால், ஒலி தரையைத் தொடுவதற்குள்ளேயே 50 மீட்டர் தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் திரையின் பெரும்பகுதி வெறும் நீர். உண்மையில் பார்க்கக் கிடைக்கும் தரை பக்கத்துக்கு 33 மீட்டர், அதுவும் ஓரத்தில் நெருக்கிய பட்டையாக. அதே படகு 15 மீட்டர் ஆழத்தில் 40 மீட்டர் எல்லை வைத்து ஓடினால் பக்கத்துக்கு 37 மீட்டர் தரை விரிந்து தெரியும். கூட்டா என்னும் வஞ்சிர மீனைத் தேடிப் பாரின் விளிம்பில் உயிர் இரை இழுப்பவருக்கும், துறைமுகத்துக்குள் சுற்றுபவருக்கும், இனாண்டா அணையில் பாஸ் மீன் பிடிப்பவருக்கும் இது தங்கம். ஆழ்தரைத் தூண்டில்காரருக்கு அதே பணத்தில் வலுவான கீழ்நோக்கு டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் தலை) வாங்கினால் அதிக மீன் கிடைக்கும். கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அலைவரிசையிலும் இதே சிக்கல்தான். 455 கிலோஹெர்ட்ஸ் தொலைவு போகும், படம் சற்று மொத்தையாக இருக்கும். 800 நுணுக்கமானது. 1.2 மெகாஹெர்ட்ஸில் வேலிக் கம்பத்தைக்கூட எண்ணலாம், ஆனால் தொலைவு குறைவு. இந்த அலைவரிசையில் இயங்கும் ஹம்மின்பேர்டின் முதல் ‘மெகா’ கருவிக்கு நிறுவனமே சொன்னது பக்கத்துக்கு 125 அடி, ஏறக்குறைய 38 மீட்டர். கடல் நீரில் கரைந்திருக்கும் மெக்னீசியம் சல்பேட் ஒலியை விழுங்கும் என்பதால் ஏரியில் எடுத்த விளம்பரப் படம் கடலில் அப்படியே வராது. அணையில் மட்டும் ஓடும் நண்பரின் திரையைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

திரை அளவு வீண் ஆடம்பரம் என்று நான் சொல்லவில்லை. 800 புள்ளி அகலமுள்ள திரையில் பக்கத்துக்கு 40 மீட்டர் வைத்தால் ஒரு புள்ளி தரையில் பத்து சென்டிமீட்டர். திரையை இரண்டாகப் பிரித்து மறுபாதியில் வரைபடம் வைத்தால் அதே புள்ளி இருபது சென்டிமீட்டர் ஆகிவிடும். முப்பது சென்டிமீட்டர் ஸ்லிங்கர் அப்போது ஒன்றரைப் புள்ளி. சின்னத் திரை வாங்கிவிட்டு அதை நான்காகப் பிரித்துப் பார்ப்பவருக்கு மீன் தெரியாததில் வியப்பில்லை.

ஜிபிஎஸ் இல்லாத மலிவு வகையை வாங்குவது இன்னொரு தவறு. பக்கத்தில் ஒரு பாறை தெரிந்தால் அம்புக்குறியை அதன்மேல் வைத்து அழுத்த வேண்டும். பாறையின் இடம் பதிவாக வேண்டும். ஜிபிஎஸ் இல்லையென்றால், பார்த்தோம், போய்விட்டது என்று கையை விரிக்க வேண்டியதுதான். நம் பாட்டன்மார் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு வலை வீசிய காலத்தில் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் நிறுத்திக் கணியம் பார்த்தார்கள். ஜிபிஎஸ் இல்லாத சைடு இமேஜிங்குக்கு அந்தக் கணியமே மேல்.

இரண்டு எஞ்சின், இரண்டு வயிறு

இப்போது பின்பலகைக்கு வருகிறேன். நம் ஸ்கி போட் பெரும்பாலும் இரட்டை வயிற்றுப் படகு. கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போய், இங்கே ‘கேட்’ என்று நறுக்கப்பட்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. இரண்டு வயிறுகளுக்கு நடுவே ஒரு சுரங்கம். பின்னால் இரண்டு எஞ்சின்கள். பொருத்துபவரின் கண்ணுக்கு அந்தச் சுரங்கத்தின் நடுப்பகுதிதான் பாதுகாப்பாகத் தெரியும்: கல் படாது, மணல் உரசாது. என் முதல் டிரான்ஸ்டியூசரை அங்கேதான் பொருத்தித் தந்தார்கள். இடப்பக்க ஒலி இடது வயிற்றின் உள்சுவரில் முட்டியது, வலப்பக்க ஒலி வலதில். கருவி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கவும் போனேன்.

ஒலி தாள் போலப் பக்கவாட்டில் செல்வதால், டிரான்ஸ்டியூசருக்குச் சரிநேராக இடத்திலும் வலத்திலும் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. எஞ்சினின் கால் அரை மீட்டர் பின்னால் இருந்தால் தொல்லை இல்லை. அதே கால் டிரான்ஸ்டியூசருக்கு நேர்ப்பக்கத்தில் வந்தால் ஒரு பக்கம் குருடு. டிரிம் டேப் (படகின் சாய்வைத் திருத்தும் தகடு), ஏணி, பழைய சவுண்டரின் தலை எல்லாம் இதே கணக்கில் வரும். பின்பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கண்ணை டிரான்ஸ்டியூசர் மட்டத்துக்கு இறக்கி இருபுறமும் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு மறைவது ஒலிக்கும் மறையும்.

அப்படியானால் வயிற்றின் அடிமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டால் தீர்ந்ததா? துறைமுகத்திலிருந்து புறப்படும் படகுக்கு அது சரி. ஷெல்லி பீச்சிலோ ராக்கி பேயிலோ உடையும் அலையைத் தாண்டி இறங்கி, திரும்பும்போது வேகமெடுத்து மணலில் ஏறும் படகுக்கு அது தற்கொலை. என் இரண்டாவது டிரான்ஸ்டியூசர் அப்படித்தான் போனது. படகு கரையேறியது, டிரான்ஸ்டியூசர் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற மாமா ஒருவர் மணலில் கிடந்த கேபிளை எடுத்துப் பார்த்து, “தம்பி, மீன் பிடிக்கிற கருவியையே கடலுக்கு இரையாகப் போட்டுவிட்டாயே” என்றார்.

கரையேறும் படகுக்கு நான் கடைசியில் ஏற்றுக்கொண்டது தூக்கி இறக்கும் கை. பின்பலகையில் கீல் வைத்த அலுமினியக் குழாய், அதன் முனையில் டிரான்ஸ்டியூசர். அலை உடையும் பகுதியைத் தாண்டிய பிறகு இறக்கிப் பூட்டுகிறேன், திரும்பும்போது கரையைக் குறிவைக்குமுன் தூக்கிவிடுகிறேன். மறந்தால் தானே மடங்கும்படி, அடி பட்டால் உடையும் சின்ன மரமுளை ஒன்றை வைத்திருக்கிறேன். ஆறு ரேண்ட் முளை உடையட்டும், ஆயிரக்கணக்கான ரேண்ட் தலை பிழைக்கட்டும்.

துறைமுகப் படகில் நிலையாகப் பொருத்துகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை, டிரெய்லரில் நிற்கும்போதே மட்டம் பார்ப்பது. டிரெய்லரின் சாய்வு வேறு, பெட்ரோலும் ஐஸும் நான்கு ஆட்களும் ஏறிய படகின் சாய்வு வேறு. நீரில் இறக்கி, முழுப் பாரத்தோடு மெதுவாக ஓடும்போது டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். படகின் அடி V போலச் சரிந்திருந்தாலும் அந்தச் சரிவுக்கு இணையாக வைக்காதீர்கள்; வைத்தால் ஒரு பக்கம் வானத்தையும் மறுபக்கம் காலடியையும் பார்க்கும்.

குமிழி இன்னொரு எதிரி. படகடியின் விளிம்புப் பட்டைகளுக்கும் நீர் உறிஞ்சும் துளைகளுக்கும் நேர் பின்னால் வைத்தால் நுரைதான் படம். ஒற்றை எஞ்சின் படகென்றால், புரொப்பெல்லரின் தகடு கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில், நடுவிலிருந்து 40 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். பழைய சவுண்டரைப் படகுக்குள்ளேயே ஃபைபர் அடியில் எபாக்சி போட்டு ஒட்டியவர்கள் இதையும் அப்படி ஒட்டப் பார்ப்பதுண்டு. முடியாது. இது நீரை நேரடியாகத் தொட வேண்டும்.

துளை போடும் விஷயத்தில் கொஞ்சம் அச்சம் நல்லது. நம் பழைய படகுகளின் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கும். ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் விழும் துளைகள் வழியே கடல் உள்ளே போய், வெளியே பளபளப்பாகவும் உள்ளே ஊறிய ரஸ்க் போலவும் ஆகிவிடும். காய்கறி வெட்டும் பலகை செய்யும் அதே கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு துண்டை, படகுக்கான சீலண்ட் பூசி ஒரே முறை பின்பலகையில் திருகிவிடுங்கள். பிறகு டிரான்ஸ்டியூசரை எத்தனை முறை நகர்த்தினாலும் துளை அந்தத் துண்டுக்கு மட்டுமே.

கம்பியும் மின்சாரமும்

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியிலிருந்தே இணைப்பு எடுத்தால், சாவி திருப்பும்போது மின்னழுத்தம் சரிந்து திரை அணைந்து மறுபடி எழும். கருவிக்குத் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி, கையேடு சொன்ன அளவில் ஒரு ஃபியூஸ், அவ்வளவு போதும். டிரான்ஸ்டியூசர் கேபிளை எஞ்சின் வயர்களோடும் விஎச்எஃப் ரேடியோ வயரோடும் சேர்த்துக் கட்டாதீர்கள், திரையில் தூறல் விழும். நீளமாக இருக்கிறது என்று அதை வெட்டவே வேண்டாம்.

ஓட்டும்போது வரும் தவறுகள்

படம் தெளிவாக இருப்பது மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில். ஆனால் எந்த வேகம்? இங்கே அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது. நீரோட்டம் 3 நாட் இருக்கும் நாளில், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர், நீரில் 7 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் வடக்கே எதிர்த்து ஓடினால் தரைக்கு மேல் ஒன்றரை கிலோமீட்டர்தான் நகர்கிறீர்கள். பாறை நீண்டு முதலையாகத் தெரியும். தெற்கே திரும்பினால் பன்னிரண்டரை; அதே பாறை நசுங்கிய தோசை. எஞ்சின் ஓசையை நம்பாமல் ஜிபிஎஸ் வேகத்தைப் பாருங்கள். திருப்பத்தில் வரும் படத்தை எண்ணிக்கையிலேயே சேர்க்க வேண்டாம். அலைக்குக் குறுக்கே ஓடினால் படகு உருள்வது தரையில் அலை அலையாக விழும்; அலையின் திசையிலோ எதிராகவோ ஓடுங்கள். வடகிழக்குக் காற்று எழுமுன், காலையில், தேடும் வேலையை முடித்துவிடுவது என் வழக்கம்.

திரையின் நடுவிலுள்ள கறுப்புப் பட்டை பள்ளம் அல்ல, படகுக்கும் தரைக்கும் இடையிலுள்ள நீர். வெள்ளைப் புள்ளியை மட்டும் தேடாமல், அதற்கு அப்பால் ஒலி படாமல் விழும் கறுப்பு நிழலையும் தேடுங்கள். நிழல் புள்ளியை ஒட்டியிருந்தால் மீன் தரையில் படுத்திருக்கிறது. விலகியிருந்தால் அவ்வளவு உயரத்தில் மிதக்கிறது. ஜூன், ஜூலையில் மத்திக் கூட்டம் வரும்போது மேகமும் மேகத்தின் நிழலும் போலவே இருக்கும்.

பொருத்தி முடித்ததும் முதல் நாளே கடலுக்குப் போக வேண்டாம். டர்பன் துறைமுகத்துக்குள், ஏதாவது ஒரு கல் சுவரை இடப்பக்கம் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். சுவர் திரையின் இடப்பக்கம் வர வேண்டும். வலப்பக்கம் வந்தால் தலை முன்பின் மாறிப் பொருந்தியிருக்கிறது. கழற்றத் தேவையில்லை, பல கருவிகளின் அமைப்பிலேயே இடவலத்தை மாற்றும் தேர்வு உண்டு. என் மூன்றாவது பொருத்தத்தில் இதைப் பார்க்காமல் விட்டு, இரண்டு வாரம் பாருக்கு எதிர்ப்பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன்.