ஃபேயர்ஸ் கோப்பில் ஆன்டிபயாட்டிக் பக்கவிளைவைத் தேடுவது எப்படி?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவுக்கு வரும் மருந்துப் பக்கவிளைவு அறிக்கைகள் ஃபேயர்ஸ் தரவுத்தளத்தில் சேர்கின்றன. அதன் காலாண்டுக் கோப்புகள் இலவசம். பழகுவதற்கு லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிதலையும் எடுங்கள். அது சேர்ந்த ஃப்ளூரோகுவினலோன் வகை மருந்துகளுக்கு இந்த ஆபத்துக்காக 2008இலேயே கட்டமிட்ட எச்சரிக்கை, அதாவது எஃப்டிஏவின் மிகக் கடுமையான எச்சரிக்கை, வந்துவிட்டது. விடை தெரிந்த கணக்கு என்பதால் பிழை சீக்கிரம் பிடிபடும்.

1. ஆஸ்கி (வெறும் எழுத்து வடிவ) கோப்புகளில் டெமோ (நோயாளி, அறிக்கை விவரம்), டிரக் (மருந்துகள்), ரியாக் (விளைவுகள்) மூன்றும் போதும். எக்செல் வேண்டாம், அண்மைக் காலாண்டுகளின் டிரக் கோப்பு அதன் 10,48,576 வரிசைக்குள் அடங்காது. ஆர் நிரல்மொழியின் டேட்டா டேபிள் தொகுப்பு நல்லது. பத்திகளைப் பிரிக்கும் குறி டாலர் ($). மேற்கோள்குறியைக் கவனிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையேல் ஜோடியில்லாத ஒரு குறி பின்னால் வரும் பல வரிசைகளை விழுங்கிவிடும்.

2. இரட்டிப்பு நீக்கம். பலர் சறுக்கும் இடம் இதுதான். ஒரே நோயாளியைப் பற்றிப் புதுத் தகவல் வந்தால் கேஸ்ஐடி (சம்பவத்தின் எண்) மாறாது, பிரைமரிஐடி (அறிக்கைப் பதிப்பின் எண்) மாறும். புதிய பதிப்பு அடுத்த காலாண்டில் வரலாம் என்பதால், ஒவ்வொரு காலாண்டையும் தனித்தனியாகச் சுத்தம் செய்து பயனில்லை. எல்லா டெமோ கோப்புகளையும் சேர்த்த பிறகு, கேஸ்ஐடி ஒவ்வொன்றுக்கும் எஃப்டிஏ தேதி (அறிக்கை எஃப்டிஏவுக்கு வந்த நாள்) கடைசியாக உள்ளதை வையுங்கள். தேதி ஒன்றானால் பெரிய பிரைமரிஐடி. நீக்கப்பட்ட கேஸ்களின் பட்டியல் தனிக் கோப்பாக வரும், அவற்றையும் கழியுங்கள். ஒரே சம்பவத்தை மருத்துவரும் நோயாளியும் தனித்தனியே அனுப்பியிருந்தால் கேஸ்ஐடியே வேறாக இருக்கும். வயது, பாலினம், நாடு, சம்பவ தேதி, மருந்து எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

3. டிரக் கோப்பில் முதன்மைச் சந்தேக மருந்தை, அதாவது ரோல்கோடு 'பிஎஸ்' உள்ளதை மட்டும் எடுங்கள். பிறகு ரியாக்குடன் இணைத்து, வரிசைகளை அல்ல, பிரைமரிஐடிகளை எண்ணுங்கள். வடிகட்டாமல் இணைத்தால் 8 மருந்தும் 5 விளைவும் உள்ள ஒரே அறிக்கை 40 வரிசையாகப் பெருகும்.

4. நான்கு கட்ட அட்டவணை: மருந்து உண்டு அல்லது இல்லை, கிழிதல் உண்டு அல்லது இல்லை. கற்பனை எண்களில்: லெவோஃப்ளாக்சசினோடு கிழிதல் 40, கிழிதல் இல்லாதவை 960, மற்ற ஆன்டிபயாட்டிக்குகளில் அதே வரிசையில் 200, 98,800. மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டால் கிழிதல் எவ்வளவு அதிகமாக அறிக்கையாகிறது என்று காட்டும் ஆட்ஸ் விகிதம் (40 × 98,800) ÷ (960 × 200) = 20.6. நான்கு எண்களின் தலைகீழ்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து 1.96ஆல் பெருக்கினால் 0.345. விகிதத்தின் இயல் மடக்கையில் இதைக் கூட்டியும் கழித்தும் திருப்பினால் 95% இடைவெளி 14.6 முதல் 29.1 வரை. கீழ் எல்லை 1க்கு மேல், கேஸ் குறைந்தது 3 என்றால் சமிக்ஞை, அதாவது மேலும் ஆராய வேண்டிய தொடர்பு, என்பது வழக்கம்.

ஒப்பீட்டுக்கு எல்லா மருந்தையும் போடாமல் ஆன்டிபயாட்டிக்குகளை மட்டும் போடுவதே என் விருப்பம். தொற்றுநோயே விளைவாகப் பதிவாகும் குழப்பம் குறையும். ஆனால் கூடவே ஸ்டீராய்டு எடுத்தவர்களைத் தனியாகப் பாருங்கள், அதுவும் தசைநாணைப் பலவீனப்படுத்தும். 20.6 என்பது ஆபத்து 20 மடங்கு என்று அர்த்தமல்ல. மருந்தை எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற எண்ணே இந்தக் கோப்பில் கிடையாது. 2008 எச்சரிக்கைக்கு முந்தைய, பிந்தைய ஆண்டுகளையும் பிரித்துக் கணக்கிடுங்கள். செய்தி பரவினாலே அறிக்கைகள் கூடும்.

பின்சேர்க்கை: ஓஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஃப்ளூரோகுவினலோனைத் தேடுவோர் கவனத்திற்கு. ஆங்கில எழுத்தில் லெவோஃப்ளாக்சசினுக்குள் அந்தப் பெயர் முழுதாக ஒளிந்திருக்கிறது. 'உள்ளடங்கியது' என்று தேடினால் இரண்டும் கலந்துவிடும். முழுப்பெயர் பொருத்தம் வையுங்கள், உப்பு வடிவங்களைத் தனியே சேருங்கள். கண் சொட்டு மருந்துகளை டிரக் கோப்பின் ரூட் (மருந்து செலுத்தும் வழி) பத்தியைப் பார்த்து விலக்குங்கள்.