அயல்மண்ணில் ஹஃப்த்-சீன் விரிப்பை அமைக்கும் முறை

1979 புரட்சியை ஒட்டி ஈரானை விட்டு வெளியேறியவர்களில் பெருந்தொகையினர் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறினர். வெஸ்ட்வுட் பகுதியில் அவர்களுடைய கடைகளும் புத்தக நிலையங்களும் பெருகின. அங்கு பிறந்த பேரப்பிள்ளைகளில் பாரசீக எழுத்துகளைப் படிக்கத் தடுமாறுவோர்கூட, வசந்தத்தில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வீட்டில் ஹஃப்த்-சீன் எனும் ஏழு பொருள் விரிப்பை விரிக்க விரும்புகின்றனர். பாட்டியின் துணையின்றி முதன்முறையாக அதை அமைப்போருக்கானது இக்குறிப்பு.

பாரசீகத்தில் ‘சீன்’ எனும் ‘ஸ’ ஒலி எழுத்தில் பெயர் தொடங்கும் ஏழு பொருள்கள் வேண்டும். சப்ஸே எனும் முளைப்பயிர், சமனூ எனும் கோதுமைமுளைக் களி, செஞ்செத் எனும் உலர்பழம், பூண்டு, ஆப்பிள், சுமாக் எனும் புளிப்புப் பொடி, வினிகர் ஆகியவை வழக்கமானவை. ஏதேனும் ஒன்று கிடைக்காவிட்டால் நாணயத்தையோ சொன்போல் எனும் ஹயசிந்த் மலரையோ வைக்கலாம். அவற்றின் பெயர்களும் அதே எழுத்தில்தான் தொடங்குகின்றன.

சப்ஸேயை மட்டும் கடையில் வாங்காதீர்கள். பண்டிகைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாகக் கோதுமையை ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் மூடி, வெண்முளை தெரிந்ததும் தட்டில் நெருக்கமாகப் பரப்பி, வேர் பிடிக்கும்வரை துணி உலராமல் நீர் தெளித்துவர வேண்டும். முளைப்பாரி போட்டவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் முளைப்பாரியைப் போல் இருட்டில் வளர்க்காமல், பயிர் எழுந்தவுடன் வெளிச்சத்துக்கு மாற்றினால்தான் பச்சை ஏறும். தட்டில் நீர் தேங்கினால் அழுகும். சமனூவோ வேறு கதை: முளைகட்டிய கோதுமையின் சாற்றை மாவுடன் சேர்த்து மணிக்கணக்கில் கிளற வேண்டும் என்பதால், ஊரில் பெண்கள் கூடிச் செய்யும் அந்த வேலையை அடுக்குமாடிச் சமையலறையில் தனியாக முயல்வதைவிட ஈரானியக் கடையில் வாங்குவதே நல்லது.

கண்ணாடி, மெழுகுவத்தி, வண்ணம் தீட்டிய முட்டைகள் ஆகியவற்றுடன் ஒரு நூலையும் வைப்பார்கள். குர்ஆனோ, பழம்பாரசீகச் சமயத்தவரான ஜொராஸ்ட்ரியர் வீட்டில் அவர்களின் மறைநூலான அவெஸ்தாவோ, பாரசீகக் கவி ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்போ, ஷாநாமா காவியமோ அவரவர் விருப்பம். சமயம் வேறுபட்ட குடும்பங்களுக்கும் ஒரே விரிப்பு பொருந்துவது இந்த நெகிழ்வினால்தான். விரிப்பில் கிண்ணத்தில் தங்கமீன் வைப்பதும் உண்டு; அது இல்லாவிட்டால் குறையொன்றுமில்லை. சின்னக் கிண்ணத்தில் அது படும் பாட்டைப் பார்க்கச் சகியாமல் பலர் விட்டுவிட்டனர்.

ஆண்டு பிறப்பது நள்ளிரவில் அன்று, சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் கணத்தில். 2025இல் அது டெஹ்ரானில் மார்ச் 20 பகல் 12:31. லாஸ் ஏஞ்சல்ஸில் பின்னிரவு 2:01. வசதி கருதி மறுநாள் மாலைக்குத் தள்ளிவைக்காமல், பிள்ளைகளை எழுப்பி விரிப்பின் முன் அமர்த்துங்கள். டெஹ்ரானில் உள்ள உறவினரும் அதே கணத்தில்தான் அமர்ந்திருப்பார்கள், தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லவும் அதுவே ஏற்ற நேரம்.

பதின்மூன்றாம் நாள் குடும்பத்தோடு வெளியே சென்று சப்ஸேயை ஓடும் நீரில் விடுவது மரபு. அதற்கு முன் அதைச் சுற்றிக் கட்டிய நாடாவைக் கழற்றிவிட வேண்டும். நீரில் எதையும் போடக்கூடாது என்னும் பூங்காவாக இருந்தால், வீட்டுத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிடலாம்.