பழகிய புல்லாங்குழலை வாங்கும்முன்

மார்கழிக் கச்சேரிகளுக்காகச் சென்னை வரும் புலம்பெயர் தமிழர்களில் பலர், திரும்பும்போது பிள்ளைக்கென்றோ தமக்கென்றோ ஒரு புல்லாங்குழலை வாங்கிச் செல்ல விரும்புகின்றனர். புதிய குழல் எளிதாகக் கிடைக்கும். நல்ல குழல்கூடச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆகவே வீணைக்கும் வயலினுக்கும் செய்வதுபோல, பணத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பழைய குழலைத் தேட வேண்டியதில்லை. விரிசல் விட வேண்டிய பருவங்களைத் தாண்டி, ஒருவருடைய வாசிப்பில் பல ஆண்டுகள் நின்று காட்டிய மூங்கில் என்பதே அதைத் தேடுவதற்கான ஒரே நியாயம். அத்தகைய குழல் கடைக்கு வருவது குறைவு. சொல்லிக்கொடுக்கும் வித்துவான்களிடமும், விரல் வளர்ந்து பெரிய குழலுக்கு மாறிவிட்ட மாணவர்களின் வீட்டாரிடமும் விசாரிப்பதே நல்லது.

கையில் எடுத்தவுடன் துளைகளை எண்ணுங்கள். கர்நாடக இசைக்குரிய குழலில் ஊதுதுளை நீங்கலாக எட்டுத் துளைகள் இருக்கும். அவற்றுள் ஏழுக்குத்தான் விரல் வேலை, எட்டாவது பெரும்பாலும் திறந்தே கிடக்கும். ஆறு துளைகள் மட்டும் இருந்தால் அது இந்துஸ்தானி பான்சுரியாக இருக்கலாம். அதில் மூன்று துளைகளை மூடினால் ஸட்ஜம், அதாவது ‘ஸ’ ஸ்வரம்; நம் குழலில் முதல் இரண்டை மூடினாலே ஸட்ஜம். வாத்தியம் மட்டமானது என்று பொருளல்ல. ஊரில் உங்கள் பிள்ளை கற்கும் பாடம் அதில் செல்லாது, அவ்வளவே. எத்தனை கட்டைக் குழல், அதாவது எந்தச் சுருதி அளவுள்ள குழல் வேண்டும் என்பதையும் புறப்படும் முன்பே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். புல்லாங்குழல் வித்துவான் என். ரமணி கர்நாடக மேடையில் பழக்கப்படுத்திய நீளக் குழலின் நாதம் கேட்க இதமானதுதான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் விரல்கள் அதன் துளைகளை எட்டா.

அடுத்ததாகப் பலர் மெருகையும் நிறத்தையும் பார்க்கிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதலில் காதைக் கொடுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்; விற்பவர் வாசித்துக் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் பழகிய உதடு குழலின் குறையைத் தானாகவே சரிசெய்துவிடும். செல்பேசியில் தம்புரா செயலியை ஓடவிட்டு, ஐந்து நிமிடமாவது ஊதிக் குழலைச் சூடேற்றிய பிறகே சுருதியைச் சோதிக்க வேண்டும். துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால் அரிகாம்போதி ராகத்தின் ஸ்வரங்கள் இயல்பாக வர வேண்டும். பிறகு மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தையும், அதே விரலடைப்பில் ஊதலை மட்டும் அழுத்தி அதற்கு மேல் ஸ்தாயியான தார ஸட்ஜத்தையும் மாறி மாறி வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு துளை மட்டும் சற்று இறங்கி ஒலித்தால் அதை அகலப்படுத்தி ஏற்றலாம். ஏறி ஒலித்தால் மெழுகு வைத்து இறக்கலாம். இரண்டு ஸட்ஜங்களும் ஒன்றோடொன்று சேரவில்லை என்றால் குறை துளையில் இல்லை, குழலின் உடலில் இருக்கிறது. மூடிய முனையில் தக்கை இருந்தால் அதை நகர்த்திப் பார்க்க இடமுண்டு. மூங்கிலின் கணுவே அடைப்பாக நிற்கும் குழலில் அதற்கும் வழியில்லை. அதை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

வெளிநாட்டில் வாழ்பவர்கள் இங்கு ஒரு கணக்கையும் போட வேண்டும். குழலின் சுருதி உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பமுள்ள சென்னை அறையில் சரியாக நின்ற குழல், 20 டிகிரி உள்ள அறையில் ஏறத்தாழ அரைக் கட்டையின் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும்; மூச்சின் சூடு அதில் ஒரு பகுதியைத்தான் மீட்டுத் தரும். எனவே இரண்டு குழல்களுக்கிடையே தயங்கினால், சென்னையில் ஒரு மயிரிழை ஏறி நிற்பதையே எடுங்கள். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் குழலுக்கு மூங்கிலே உத்தமம் என்று சொல்லிவிட்டு, அது ‘பொழுது செய்யும்’ என்றும் குறிக்கிறார். பருவத்துக்கேற்ப மாறும் மூங்கிலின் குணத்துக்கு அதைவிடச் சுருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை.

நாதம் தேறிய பிறகு கண்ணுக்கு வேலை. ஊதுதுளையின் எதிர் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். அங்கே பிசிறோ உடைவோ இருந்தால் மேல் ஸ்தாயியில் காற்றுச் சத்தம் கலக்கும். அந்த விளிம்பைச் சுரண்டித் திருத்தியிருந்தால் நான் வாங்கமாட்டேன். விரிசலைக் கண்டுபிடிக்க, இருட்டான இடத்தில் குழலின் திறந்த வாயில் செல்பேசி விளக்கை வைத்து, வெளியே ஒளிக்கோடு கசிகிறதா என்று பாருங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. விரல் துளைகளையெல்லாம் செலோடேப்பால் ஒட்டி, திறந்த முனையை உள்ளங்கையால் அடைத்து, துடைத்த ஊதுதுளையில் வாய் வைத்து உறிஞ்சினால், உதடு இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

நூல் கட்டு தன்னளவில் குற்றமன்று; விரிசல் வராமலிருக்க முன்கூட்டியே கட்டுவோரும் உண்டு. எனினும் எதற்காகக் கட்டியது என்று கேளுங்கள். அழகான சிவப்பு நூலை அலங்காரம் என்று நம்பி நான் வாங்கிவந்த முதல் குழல், கனடாவில், என் ஸ்காபரோ வீட்டின் சூடேற்றியில் உலர்ந்து, ஜனவரி முடிவதற்குள் அந்த நூலுக்கடியிலிருந்தே நீளப் பிளந்தது. சற்றுமுன் எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும் குழலையும் துடைத்துவிட்டுப் பாருங்கள். மயிரிழை விரிசலை எண்ணெய் மறைக்கும்.

வெள்ளைத் தாளின்மேல் குழலைக் கவிழ்த்து இலேசாகத் தட்டுங்கள். மாவுபோன்ற தூள் உதிர்ந்தால், அல்லது குண்டூசித் தலையளவு ஓட்டைகள் தெரிந்தால், மூங்கில் உளுத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ செல்வோர் மூங்கில் பொருளைச் சுங்கத்தில் அறிவித்தே ஆக வேண்டும் என்பதால், பூச்சியின் தடயம் உள்ள குழல் விமான நிலையத்தைத் தாண்டாமல் போகலாம்.

கொண்டுசெல்வதற்கு விலையுயர்ந்த உறை தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் குழலின் அளவுக்கு வெட்டிய பி.வி.சி. குழாயும் இரண்டு மூடிகளும், உள்ளே சுற்ற ஒரு பழைய பருத்தித் துண்டும் போதும். வீடு சேர்ந்ததும் உடனே எடுத்து ஊதாமல், இரண்டு நாள் அந்தக் குழாய்க்குள்ளேயே வைத்திருந்து, முதல் வாரங்களில் நாளுக்குப் பத்து நிமிடத்துக்குமேல் வாசிக்காதிருங்கள். சூடேற்றியின் அருகில் மட்டும் வைக்காதீர்கள்.